கருவிலேயே முடிந்துவிடுகிறதா வாழ்வு?: மணிமேகலையில் நியதியும் மகப்பேற்றுப் பொறுப்பும்

தன்விருப்பு என்பது ஒருவர் தம் செயலைத் தாமே தெரிந்து மேற்கொள்ளும் ஆற்றலைக் குறிக்கும். அத்தகைய ஆற்றல் மனிதருக்கு உண்டா என்னும் பழைய வினா, தம் பிறப்பைத் தாமே தெரிந்துகொண்டவர் எவருமில்லை என்பதால், மகப்பேற்றைப் பற்றி எழும்போது மிகக் கடுமையாகிறது. இதற்குச் சமயங்கள் விதியையோ பழவினையையோ விடையாகத் தந்தன. அவ்விரு விடைகளையும் ஐயுற்று ஆராய்ந்தால், பிறப்புக்கான பொறுப்பு பிறந்தவரை விட்டு நீங்கிப் பெற்றவரையும் அவரைச் சூழ்ந்த சமூகத்தையும் சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவ மணிமேகலைக் காப்பியம் துணைசெய்கிறது.

அக்காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவனான ஆசீவகன், நிலம், நீர், தீ, காற்று ஆகிய நால்வகை அணுக்களோடு உயிரையும் சேர்த்து ஐந்தெனக் கணக்கிட்டு, பெறுதலும் இழத்தலும், இன்பமும் துன்பமும், பிறத்தலும் சாதலும் கருவுற்ற அப்பொழுதே உயிரோடு கலந்துவிடுகின்றன என்கிறான். எவர் முயன்றாலும் மாறாத இவ்வொழுங்கே நியதி எனப்படும். வினைக் கொள்கையோ இதனின்று வேறானது. இன்று நுகர்வதை அன்று செய்ததன் பயனாகக் கொள்வதால், அது பொறுப்புக்கு இடம் வைக்கிறது. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைவிட வலியது வேறில்லை என்னும் பொருள்பட உரைக்க, 62ஆம் அதிகாரம் தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் எனத் தேற்றுவது, தமிழ் அறச்சிந்தனை இவ்விரு முனைகளுக்கிடையே ஊசலாடியதைக் காட்டுகிறது.

வினைக் கொள்கை இடம் வைக்கும் பொறுப்பு எத்தகையது என்பதை இதே காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையில் கண்கூடாகக் காணலாம். வாரணாசியைச் சேர்ந்த பார்ப்பனி சாலி, ஒழுக்கம் பிறழ்ந்த அச்சத்தால் குமரியாடப் புறப்பட்டு, கொற்கையைக் கடந்து ஆயர் குடியிருப்பின் அருகே ஈன்ற மகவை மறைவான தோட்டமொன்றில் இட்டுச் செல்கிறாள். அழுத அக்குழந்தையைப் பசு ஒன்று நாவால் நக்கி, ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. அக்குழந்தையே ஆபுத்திரன். வளர்ந்தபின் வேள்விப் பசுவை மீட்டதற்காக அந்தணர் அவனைத் தாக்கும்போது, அவனுடைய பிறப்பே அவனுக்கெதிரான குற்றச்சாட்டாக எடுத்துவைக்கப்படுகிறது. தான் செய்யாத ஒன்றுக்கு அவன் விடைசொல்ல வேண்டியதாகிறது. இந்நிலையை முற்பிறவியின் பயன் என்று விளக்கினால், குழந்தையைக் கைவிடும்படி தாயை அச்சுறுத்திய ஒழுங்கு வழக்கினின்று தப்பிவிடுகிறது. நினைவிலில்லாத ஒரு பிறவியின் பெயரால் பச்சிளங்குழந்தை குற்றவாளியாகிறது. இதனை நீதி என ஏற்பதற்கில்லை.

எனினும் ஐயவாதமும் தன் எல்லையை உணர்தல் வேண்டும். கண்ணால் காண்பதையே ஏற்று மறுபிறப்பை மறுக்கும் பூதவாதியிடம், அனுமானத்தாலன்றித் தாய்தந்தையரை எவ்வாறு அறிவாய் என மணிமேகலை வினவுகிறாள். இவ்வினா மறுபிறப்பை நிறுவிவிடவில்லை. ஆயினும், தன் பிறப்பைக் கண்டவர் எவருமிலர் என்பதையும், மனிதரின் முதல் அறிவே பிறர்மேல் வைக்கும் நம்பிக்கை என்பதையும் அது உணர்த்துகிறது. அந்நம்பிக்கைக்கு உரியவராக நடந்துகொள்வதே பெற்றோரின் முதற்கடன்.

தென்னாப்பிரிக்க மெய்யியலாளர் டேவிட் பெனட்டார் 2006இல் வெளியிட்ட நூலில், பிறவாதவருக்கு இன்பத்தின் இன்மை இழப்பாகாது, துன்பத்தின் இன்மையோ நன்மையே என வாதிட்டு, பிறப்பு எப்போதும் தீங்கே என்று முடிவுசெய்தார். பெறப்போகும் மகவின் நலனை மையத்தில் வைத்தது இவ்வாதத்தின் சிறப்பு. ஆயினும், வாழ்வோர் தம் வாழ்வுக்குத் தரும் மதிப்பைக் கேளாமலே எல்லாப் பிறப்புக்கும் ஒரே தீர்ப்பை முன்கூட்டி எழுதுவதால், எல்லாம் கருவிலேயே முடிந்தது என்ற ஆசீவகனின் உறுதிக்கு அருகில் இவ்வாதம் சென்றுவிடுகிறது. நியதியை ஐயுறுபவர் இவ்வுறுதியையும் ஐயுறுதல் முறையாகும்.

நியதிக்கும் பெனட்டாரின் தீர்ப்புக்கும் இடையே நடைமுறைக்கு உகந்த வழியைப் பெரியார் காட்டினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அதிகாரம் வகுத்த அவர், பிறர் உடல்நலம், குடும்பப் பொருளாதாரம் ஆகியவற்றை முன்னிட்டு அதனை ஆதரிக்க, பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக முன்வைத்தார். தன்விருப்பு என்பது ஆன்மாவின் இயல்பா என்னும் தீராத வழக்கை ஒதுக்கிவைத்து, மறுக்கும் வாய்ப்பு பெண்ணுக்கு உண்டா என்று கேட்கும் வினா இது. சாலிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அவள் மகவைக் கைவிட்ட பழியைச் சமூகமும் ஏற்றாக வேண்டும்.

குலம் தழைக்கவும், நீத்தார் கடன் கழிக்கவும், முதுமையில் தாங்கவும் மகவு வேண்டும் என்னும் காரணங்கள் யாவும் பெறுவோரின் தேவைகளே. பிறக்கப்போகும் உயிரின் பக்கம் நின்று அவற்றுள் ஒன்றும் பேசவில்லை. மகவைப் பெறுவதும் பெறாதிருப்பதும் ஒருங்கே மதிக்கத்தக்க முடிவுகளாதல் வேண்டும்; பெற்றபின் அக்குழந்தைக்கு நேரும் துன்பத்திற்கு அதன் தலையெழுத்தைக் காரணம் காட்டும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை.