சிட்டி மாறினால் என்ன பாஸ்? புது வெர்ஷனை ரசிக்க ஒரு கைடு!

டிரைவரே இல்லாத மெட்ரோ ரயில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து இறங்கியது 2024 அக்டோபரில். 2025 மார்ச்சில் முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது. ஆனால், தானா இயங்கும் மெஷின்னு சொன்னாலே நம்ம மனசுல வர்றது இப்பவும் ‘எந்திரன்’ சிட்டிதான். அந்தப் பாசத்தாலதான், ‘2.0’ வந்தப்போ பலர் ‘பழைய சிட்டி மாதிரி இல்லையே’ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. நீங்களும் அந்த டீமா? அப்போ இதைப் படிங்க.

ஒரிஜினலே இரண்டாவது வெர்ஷன்தான்!

2000-களின் தொடக்கத்தில் ஷங்கர் இந்தக் கதையை கமல்ஹாசன், ப்ரீத்தி ஜிந்தாவை வைத்துத்தான் திட்டமிட்டார். அது நின்றுபோக, 2010 அக்டோபர் 1 அன்று ரஜினியின் சிட்டி வந்தது. அதற்கும் பல வருடங்கள் முன்பே சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய், புத்தகம் படித்து சுயமாக யோசிக்கத் தொடங்கிவிட்டது. ‘எந்திரன்’ வசனத்திலும் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு.

பயம் மாறினால் கதையும் மாறும்

‘எந்திரன்’ கேட்ட கேள்வி, மெஷினுக்கு ஆசை வந்தால் என்ன ஆகும் என்பது. 2018 நவம்பர் 29-ல் வந்த ‘2.0’, நம்ம கையில இருக்கிற போனையே கேள்வி கேட்டது. முதல் படத்தில் சிட்டியை வில்லனாக்கியது சிவப்பு சிப். இரண்டாவதில் அதே சிப்பைப் பொருத்தித்தான் பட்சிராஜனோடு மோத விடுகிறார்கள். பொருள் ஒன்றுதான், அர்த்தம் தலைகீழ். பழைய படம் தெரிந்தவருக்குத்தான் இந்த ட்விஸ்ட் முழுசா ருசிக்கும்.

ரசிக்கலாம், கேள்வியும் கேட்கலாம்

புதுசை ஏத்துக்கிறதுன்னா எல்லாத்துக்கும் தலையாட்டுறது இல்லை. செல்போன் கதிர்வீச்சால்தான் பறவைகள் அழிகின்றன என்பது அறிவியல் உறுதிசெய்த முடிவு அல்ல. செல்போன் நிறுவனங்களின் சங்கம் ரிலீஸுக்கு முன்பே படத்துக்கு எதிராகப் புகார் கொடுத்தது. படத்தை ரசிங்க, தகவலை மட்டும் தனியா சரிபாருங்க.

அடுத்த வெர்ஷன் வந்தால்...

* முதல் நாளே பழசோடு ஒப்பிட்டு மார்க் போடாதீங்க. ‘இந்த முறை எதைப் பார்த்து பயப்படுறாங்க?’ன்னு கேளுங்க.

* மாறாமல் வந்திருக்கும் ஒரு விஷயத்தைத் தேடுங்க. இரண்டு படங்களிலும் வசீகரன் இருக்கிறார். தான் உருவாக்கியதற்கு அவர் பொறுப்பேற்றே ஆகணும்.

* தம்பி, தங்கச்சிக்குப் புதுப் படம்தான் முதல் அறிமுகம்னா, அப்படியே விடுங்க. பிடிச்சுப்போனா பழசை அவங்களே தேடி வருவாங்க.

‘எந்திரன்’ கடைசிக் காட்சி நடப்பது 2030-ல், ஒரு மியூசியத்தில். அந்த வருஷம் ரொம்பத் தூரத்துல இல்லை. இன்னைக்கு சாட்பாட்டிடம் ஹோம்வொர்க் கேட்கிற பிள்ளைகளுக்கு சிட்டி எப்படி இருக்கணும்? அதை எழுதப்போறவர் உங்களில் ஒருத்தராகவும் இருக்கலாம். அப்போ நீங்களும் பழைய சிட்டியை மாத்தித்தான் ஆகணும்!