பருப்பும் அல்ல, கணவாயும் அல்ல!



விழா மலரில் மன்னர் வரலாறு எழுதுவார்கள், தலைவர் வரலாறு எழுதுவார்கள். இந்த வாத்தியார் மட்டும் ஒரு மணல்மணி அளவு உயிரின் வரலாற்றோடு வந்து நிற்கிறாரே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது.

எகிப்து நாட்டுப் பிரமிடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் அங்கே போனார். பிரமிடுகளுக்கு முன்னால் கல் சில்லுகள் குவிந்து கிடந்தன. அவற்றில் பருப்பு வடிவிலும் பருப்பு அளவிலும் சிறு கற்களைக் கண்டார். பிரமிடு கட்டிய வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த சாப்பாடுதான் அப்படிக் கல்லாகிப் போனதென்று அங்கே சொன்னார்களாம். தம் சொந்த நாட்டுக் குன்று ஒன்றிலும் இதே மாதிரிக் கற்கள் உண்டு என்று ஸ்ட்ராபோ எழுதி வைத்தார்.

அது பருப்பே அல்ல. நான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு. நுமுலைட் என்பது அதன் பெயர். 'சிறு நாணயம்' என்று பொருள். அந்த உயிருக்கு உடம்பு முழுவதும் ஒரே ஓர் உயிரணுதான். ஆனால் அது கட்டிய வீட்டைப் பாருங்கள்! நம் லயத்து வீடுகளைப் போல அறைக்குப் பக்கத்தில் அறை. அந்த வரிசையைக் கொசுவர்த்தி போலச் சுருட்டி வைத்தால் எப்படியோ, அப்படி.

இந்த இனத்தை முறையாக வகுக்க முனைந்தவர், 1802இல் பிறந்த அல்சிட் டோர்பினி என்ற பிரெஞ்சுக்காரர். கடற்கரை மணலை உருப்பெருக்கியில் வைத்து, நூற்றுக்கணக்கான ஓடுகளைப் பிரித்துப் பெயரிட்டு, 1826இல் பட்டியலாக வெளியிட்டார். அறைகளுக்கு இடையில் துளைகள் இருப்பதால் 'பொராமினிபெரா', அதாவது துளை தாங்கியவை, என்று பெயர் வைத்தார். கண்ணுக்குத் தெரியாததைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும் என்று பெரிய மாதிரி உருவங்களும் செய்து கொடுத்தார்.

இவ்வளவு செய்தவர் ஓரிடத்தில் தவறிவிட்டார். பசாரில் சோத்தோங் வாங்குகிறோமே, அந்தக் கணவாயும் நாட்டிலசும் சேர்ந்த கூட்டத்தில் இந்தச் சிற்றுயிர்களையும் சேர்த்துவிட்டார். காரணம் என்ன? நாட்டிலசின் ஓடும் சுருண்டது, அறை அறையாய் இருப்பது. ஓடு ஒன்று போல இருந்தால் உள்ளே இருப்பதும் அதே இனம்தானே என்று எண்ணிவிட்டார்.

1835இல் பெலிக்ஸ் டுயார்டின் என்பவர், ஒரு கடிகாரக்காரரின் மகன், இவற்றை உயிரோடு வைத்துக் கவனித்தார். கையில்லை, கண்ணில்லை, வயிறுமில்லை. கூழ் போன்ற உயிர்ப்பொருள் மட்டும் நூல் நூலாக வெளியே நீண்டது. இது கணவாய் இனமே அல்ல என்று அறிவித்தார். டோர்பினி வீம்பு பிடிக்கவில்லை. 1839இல் கியூபா நாட்டு ஓடுகளைப் பற்றி எழுதியபோது இவற்றைத் தனி வகுப்பாகவே வைத்தார்.

சரி, அடியோடு அழிந்துபோன இனங்களை எப்படி வகுப்பது? உயிரோடு பார்க்க முடியாதே! அதற்கும் வழி உண்டு. கல்லை வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, உள்ளே அறைகள் அடுக்கியிருக்கும் முறையையும் சுவரின் அமைப்பையும் பார்க்கிறார்கள். பூசுலினா இனத்தின் ஓடுகளில் பல வெளியே பார்த்தால் வெறும் கோதுமை மணிகள். அறுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட இந்தக் கூட்டத்தின் ஓடுகள் நம் பகாங் மாநிலத்துச் சுண்ணாம்புக் கற்களிலும் இருக்கின்றன.

ஒவ்வோர் இனமும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் வாழ்ந்ததால், ஓட்டைக் கண்டால் பாறையின் வயதைச் சொல்லலாம். எஸ்தர் ஆப்லின், ஆல்வா எலிசர், ஹெட்விக் நைக்கர் என்ற மூன்று பெண்கள் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த கல்தூளில் இந்த ஓடுகளைத் தேடி, டெக்சாஸ், லூசியானா மாநிலங்களின் நிலத்தடி அடுக்குகளை வரிசைப்படுத்தி 1925இல் வெளியிட்டார்கள். பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது என் கதை. நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டு, வகுப்பில் ஒரு பையன் தினமும் தூங்கி வழிவான். அவன் குறிப்புப் புத்தகத்தில் 'சோம்பேறி' என்று எழுதிவிட்டேன். ஒரு நாள் விடியற்காலை வெளிக்காட்டுப் பக்கம் போனேன். அந்தப் பையன் தாயாருக்கு ஒத்தாசையாக நிரையில் மங்கு துடைத்துக்கொண்டிருந்தான். "சார், நீங்களா?" என்று சிரித்தான். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவனை முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! ஓட்டைப் பார்த்து வகுத்தால் டோர்பினி போன்ற அறிஞருக்கே தவறியது. பிள்ளைகளுக்குப் பெயர் வைக்குமுன் உள்ளே பார்ப்போம். தவறென்று தெரிந்தால் அவரைப் போலவே திருத்திக்கொள்வோம்.

பரிசு வாங்கும் செல்வங்களுக்கு என் வாழ்த்து. வாங்காத செல்வங்களே, உங்களுக்கும் என் வாழ்த்து. உங்களை நாங்கள் இன்னும் சரியாகப் பார்த்து முடிக்கவில்லை.