இரண்டு பைட் இடைவெளி

2006ஆம் ஆண்டு, கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் சேர க்னோம் அமைப்புக்கு ஏறக்குறைய 200 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்று தனியே அழைப்பு விடுத்ததும் பெண்கள் வந்தார்கள். அப்படித் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் 2013இல் லினக்ஸ் கெர்னலும் சேர்ந்தது. இன்று அதன் பெயர் அவுட்ரீச்சி.

இடம் கிடைக்க வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே கெர்னலில் சிறு திருத்தங்கள் செய்து அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து பல மாணவிகள் அனுப்பினார்கள். ‘ஸ்டேஜிங்’ பகுதியில் கிடக்கும் டிரைவர்களைத் துப்புரவாக்குவதே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்த வேலை. துப்புரவு என்றால் யார் கையில் துடைப்பம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வேலைக்குள் ஒரு கடினமான கேள்வி இருந்தது.

புத்தூரில் சி மொழி படிக்கும் மாணவிக்கு இது தேர்வுக் கேள்வி: ஒரு ‘கேர்’, ஒரு ‘இன்ட்’ கொண்ட ஸ்ட்ரக்சரின் அளவு ஏன் 5 இல்லை, 8? நான்கு பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும் என்பதால் கம்பைலர் நடுவில் மூன்று பைட்டை வெறுமனே விடுகிறது. நெட்வொர்க்கில் இதே சிக்கல் பெரிதாகிறது. ஈதர்நெட் தலைப்பு 14 பைட்; அடுத்து வரும் ஐபி தலைப்பு நான்கின் மடங்கில் அமையாது. அதனால் பல டிரைவர்கள் தொடக்கத்திலேயே 2 பைட் இடம் விட்டுப் பொட்டலத்தை வாங்குகின்றன.

2014இல் கெர்னலுக்கு ஆறு பைட் ஈதர்நெட் முகவரியை வேகமாக நகலெடுக்கும் புதிய ஃபங்ஷன் வந்தது. பழைய ‘மெம்காப்பி’யை மாற்றச் சொல்லிச் சோதனைக் கருவியும் எச்சரித்தது. நிபந்தனை ஒன்றுதான்: இரு முகவரிகளும் இரட்டைப்படை இடத்தில் தொடங்க வேண்டும். முன்னால் ஒற்றை பைட் புலம் ஒன்று நெருக்கி நின்றாலே போதும், கணக்கு தவறிவிடும். தவறினாலும் எழுதியவரின் இன்டெல் கணினி ஓசைப்படாமல் ஓடும்; வேறு செயலி உள்ள யாரோ ஒருவரின் சாதனம்தான் விழும். வசதியான இடத்தில் இருப்பவருக்குத் தெரியாத வலி என்று இதை நாம் வேறு இடங்களில் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, ‘சரிபார்த்தீர்களா?’ என்று கேள்வி வந்தது. மாணவிகள் ‘பஹோல்’ கருவியை ஓட்டி, ஒவ்வொரு புலமும் எந்த பைட்டில் தொடங்குகிறது என்பதைத் திருத்தக் குறிப்பிலேயே ஒட்டினார்கள். அவுட்ரீச்சியின் கெர்னல் வழிகாட்டிகளில் ஒருவர் ஜூலியா லாவால். இத்தகைய மாற்றங்களைக் கெர்னல் முழுவதும் தேடும் ‘காக்சினெல்’ கருவியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

மாறியது ஒரு வரி. அதற்கான நிரூபணம் பத்து இருபது வரி. இரண்டும் அனுப்பியவரின் பெயரோடு கெர்னல் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன.