இரவில் வந்த ஹெலிகாப்டரும் மண்ணுக்குள் கசிந்த தொட்டியும்

விஷம் என்றால் எல்லோருக்கும் பயம்தான். ஆனால் எந்த விஷத்துக்கு எவ்வளவு பயப்படுகிறோம் என்று பார்த்தால், அதில் ஒரு கணக்கே இருப்பதில்லை. இதற்கு நல்ல உதாரணம் 1981-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த கதை.

இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பேர்போன சான்டா கிளாரா பள்ளத்தாக்கு, ஒரு காலத்தில் பழத்தோட்டங்கள் நிறைந்த பூமி. 1980 ஜூனில் அங்கே ஒரு சின்ன ஈ அகப்பட்டது. மத்தியதரைக்கடல் பழ ஈ என்று பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட காய், பழ வகைகளில் இது முட்டையிடும். புழு வைத்த பழத்தை யார் வாங்குவார்கள்? அப்போது அந்த மாநில விவசாயத்தின் ஆண்டு மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர். பதறாமல் இருக்க முடியுமா?

முதலில் அரசு நிதானமாகத்தான் போனது. மலட்டு ஈக்களைக் கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். வீடு வீடாகப் போய் மரத்திலிருந்த பழங்களைப் பறித்து அழித்தார்கள். தரையிலிருந்து மருந்து அடித்தார்கள். ஈ அடங்கவில்லை. ஹெலிகாப்டரில் மாலத்தியான் தெளித்தால்தான் உண்டு என்றார்கள் விவசாயிகள். கூடவே கூடாது என்றார்கள் நகரவாசிகள். கவர்னர் ஜெர்ரி பிரவுன் தெளிப்பை எதிர்த்தார். ஆனால் மாநிலம் முழுவதன் விளைபொருளுக்கும் தடை போடுவோம் என்று மத்திய விவசாயத் துறை எச்சரித்ததும், 1981 ஜூலையில் பணிந்தார்.

நள்ளிரவில் ஹெலிகாப்டர்கள் பறந்தன. மக்கள் காரை மூடி வைத்தார்கள். சிலர் பிள்ளைகளோடு ஊரைவிட்டே கிளம்பினார்கள். பயத்தைப் போக்க, அரசின் இளைஞர் அமைப்பு ஒன்றின் தலைவரான பி.டி.காலின்ஸ் பலர் முன்னிலையில் நீர் கலந்த மாலத்தியானைக் குடித்தே காட்டினார்! 1982 செப்டம்பரில் ஈ ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 10 கோடி டாலர். அந்த நவம்பரில் பிரவுன் செனட் தேர்தலில் தோற்றார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே மாலத்தியான் கடைகளில் வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்றுக்கொண்டிருந்தது. ரோஜாச் செடிக்கு அடிக்க வாங்கிப் போவதற்கு யாரும் போராட்டம் நடத்தவில்லை. 1982-ல் அது தலையில் தேய்க்கும் பேன் மருந்தாகவும் அங்கே அனுமதி பெற்றது. ஹெலிகாப்டர் தெளித்ததோ ஏக்கருக்குச் சில அவுன்ஸ்தான். அதுவும் ஈயை இழுக்கும் இனிப்புக் கலவையோடு சேர்த்து.

அப்படியானால் மக்கள் முட்டாள்களா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரோஜாவுக்கு அடிப்பது என் விருப்பம். என் கூரைமேல் கொட்டுவது என்னைக் கேட்காமல் இன்னொருவர் எடுத்த முடிவு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு நின்றதால் பல ஆண்டு கழித்து வரக்கூடிய நோய்க்குப் பதில் கிடைத்துவிடாது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் மாலத்தியானைச் சேர்த்தது.

என்னை உறுத்துவது வேறு. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே 1981-ன் கடைசியில், சான் ஹோசே நகரில் ஃபேர்சைல்ட் கம்பெனியின் ஆலையில் மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டி கசிவது தெரியவந்தது. சிப் தயாரிப்பில் பயன்படும் கரைப்பான் கழிவு, பக்கத்துக் குடிநீர்க் கிணறு வரை போயிருந்தது. 1982 ஆரம்பத்தில் செய்தி வெளியே வந்த பிறகுதான் மக்கள் கொதித்தார்கள். அதுவரை, புகைபோக்கி இல்லாத இந்தத் தொழில் சுத்தமானது என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். சம்பளம் கொடுத்த தொழில்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? பிற்பாடு அமெரிக்க அரசின் அபாயகரமான கழிவு இடங்களின் பட்டியலில், நாட்டின் எந்த மாவட்டத்தையும்விட அதிக இடங்கள் சான்டா கிளாராவில்தான் வந்தன.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அதே மாநிலத்தின் திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடித்த கொடிகளுக்கு நடுவே பருவம் தவறாமல் வேலை செய்த தொழிலாளர்கள். அவர்களுக்கு ஹெலிகாப்டர் ஒரு கோடையில் வந்து போகிற விஷயமில்லை. 1988-ல் சீசர் சாவேஸ் 36 நாள் உண்ணாவிரதம் இருந்துதான் அவர்கள் கதையை நாட்டின் காதில் போட வேண்டியிருந்தது.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இது ஒரு கணக்குப் புத்தகமாகவே தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற, அடுத்தவர் கையால் வருகிற ஆபத்தைப் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். நாமே காசு கொடுத்து வாங்குவதைச் சின்ன எழுத்தில் எழுதுகிறோம். நமக்குச் சோறு போடும் தொழிலிலிருந்து வருவதையும், அடுத்தவர் உடம்பில் இறங்குவதையும் எழுதவே மறந்துவிடுகிறோம். இப்படி எழுதிய கணக்கை எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா?

ஆகவே நண்பர்களே, ஹெலிகாப்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு, எத்தனை நாள், யார் தலையில் என்று அதனிடம் கேட்கிற மூன்று கேள்விகளை, நம் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவிடமும் நமக்குச் சம்பளம் தரும் ஆலையிடமும் கேட்போம்.