ஓடிப்போதல் என்னும் குற்றம்: கேமரன் மலைத் தோட்டங்களும் தண்டிக்கும் உரிமையும்

வேலையை விட்டு நிற்பதை இன்று யாரும் குற்றம் என்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாயாவில் சஞ்சிக் கூலிக்கு, அதாவது ஒப்பந்தத்தில் கட்டுண்ட தொழிலாளிக்கு, அது குற்றம். ஓடிப்போனவரைப் பிடித்துச் சிறையில் தள்ளச் சட்டம் இருந்தது. 1910இல் சஞ்சிக்கு ஆள் எடுப்பது நின்றது. கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதோ 1929இல். ஆக, இங்கே கொழுந்து பறிக்க வந்த தமிழர் சஞ்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அப்படியானால் பழைய தண்டனை எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை, கைமாறியது. விடியுமுன் பனியில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் அன்று பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் அந்த ஒரு பேனாவுக்குள். முறையிட வேண்டுமானால் தோட்ட நிர்வாகியான துரையிடம். கிராணியை வைத்திருப்பவரே துரை. வேலை போனால் லயத்து வீடும் போகும். மலையிறங்க நெடுங்காலம் தாப்பா சாலை ஒன்றே வழி.

முறையான வன்முறை அரசின் ஏகபோகம் என்றார் மாக்ஸ் வேபர். தோட்டப்புறத்தைப் பார்த்தால், அந்த ஏகபோகத்தை அரசு குத்தகைக்கு விட்டிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தோட்டத்துக்கு அந்த வழக்கம் சட்டத்தைவிடப் பெரியது. குத்தகைக்காரரால் சமாளிக்க முடியாதபோது உரிமையாளரான அரசே வந்தது: துருப்புகள் சுட்டன, வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தண்டனையின் வடிவத்தை உழைப்புச் சந்தையே தீர்மானிக்கிறது என்று 1939இல் எழுதினார்கள் ரூஷேவும் கிர்ஷ்ஹைமரும். அவர்கள் பார்வை பெரிதும் ஐரோப்பியச் சிறைகள்மேல் இருந்தது. குடியிருக்கும் வீடே முதலாளியுடையதாக இருக்கும் இடத்தில் சிறைக்குத் தேவை குறைவு. அவர்கள் வாதத்தில் நான் சேர்க்க விரும்பும் திருத்தம் அதுதான்.

தமிழர் பலர் மலையிறங்கிவிட்டார்கள். இப்போது கொழுந்து வெட்டுவோரில் வங்காளதேசிகளும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். இவர்களின் வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவரை விட்டு விலகினால் நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் காணும். ஓடிப்போதல் தொழிற்சட்டத்திலிருந்து குடிநுழைவுச் சட்டத்துக்கு இடம் மாறிவிட்டது என்பதே என் வாதம். சஞ்சிக் காலத்துச் சட்டமாவது குற்றத்தை அதன் பெயர் சொல்லி அழைத்தது.

2002இல் திருத்தப்பட்ட குடிநுழைவுச் சட்டத்தின்படி, அனுமதியின்றி நுழைந்தவருக்குப் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அதற்கு மேல் ஆறு பிரம்படி வரை.