ஜார்ஜ் கார்லின்

ஜார்ஜ் கார்லின் (12 மே 1937 – 22 ஜூன் 2008), நியூயார்க்கில் பிறந்த அமெரிக்க மேடை நகைச்சுவையாளர், எழுத்தாளர். 1960களில் கோட்டும் டையுமாகத் தொலைக்காட்சியில் சிரிக்கவைத்தவர், 1970 வாக்கில் தாடியும் நீள்முடியுமாக மாறி மதம், அரசு, போர் எனச் சகலத்தையும் சாடினார். தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களை மேடையில் அடுக்கியதற்காக 1972இல் மில்வாக்கியில் கைதானார், வழக்கு தள்ளுபடியானது. அதே கருவில் அமைந்த இன்னொரு பேச்சை ஒரு வானொலி நிலையம் பட்டப்பகலில் ஒலிபரப்ப, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வானொலியில் ஆபாசப் பேச்சைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டென 1978இல் 5–4 கணக்கில் தீர்ப்பு வந்தது. வசைச்சொற்களால் பேரெடுத்தாலும், அரசும் விளம்பரமும் மொழியைப் பூசிமெழுகுவதைத் தோலுரித்த பேச்சுகளே அவருடைய ஆகச் சிறந்தவை. 'பிரெய்ன் டிராப்பிங்ஸ்' (1997) அவரது நூல். மார்க் ட்வைன் நகைச்சுவை விருது 2008இல், அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.