அரை, தூண்டல், இருபடி: மின்காந்த பீரங்கியின் சூத்திரத்துக்கு ஓர் உரை

சூத்திரம்:

விசை = ½ × தூண்டல் எண் × (மின்னோட்டம்)²

பொழிப்பு: இரண்டு உலோகத் தண்டவாளங்களை இணையாக வைத்து, அவற்றுக்குக் குறுக்கே நகரக்கூடிய ஓர் உலோகத் துண்டைப் பொருத்தி, ஒன்றின் வழியே போய் மற்றதன் வழியே திரும்புமாறு மின்சாரம் பாய்ச்சினால், அந்தத் துண்டு முன்னோக்கித் தள்ளப்படும். எவ்வளவு விசையோடு என்பதை இந்த வரி சொல்கிறது. துண்டுக்கு முன்னால் குண்டை வைத்துவிட்டால் அதுவே ரெயில்கன். வெடிமருந்து தேவையில்லை. பிரான்சின் ஃபோஷோன்-வில்ப்ளே முதல் உலகப்போர்க் காலத்திலேயே இதற்கு வடிவம் தந்துவிட்டார். நூறாண்டு கடந்தும் இது போர்க்கப்பல்களின் வழக்கமான ஆயுதமாகவில்லை. காரணம் இந்த ஒற்றை வரிக்குள்ளேயே இருக்கிறது.

விசை: எவ்வளவு விசை வேண்டும்? அமெரிக்கக் கடற்படை 2005இல் தொடங்கிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வர்ஜீனியாவின் டால்கிரன் சோதனைக்களத்தில் 2008 ஜனவரியில் குண்டின் ஆற்றலில் 10 மெகாஜூலைத் தாண்டினார்கள். 2010 டிசம்பரில் 33 மெகாஜூலை எட்டினார்கள். 10 கிலோ எடையை வினாடிக்கு 2,500 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 31 மெகாஜூல். 10 மீட்டர் நீளக் குழாய்க்குள் இந்த வேகம் வரவேண்டுமானால், அதற்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. வேண்டிய விசை 31 லட்சம் நியூட்டன். குண்டு உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 30,000 மடங்கு. 150 கிலோமீட்டருக்கு அப்பால் இலக்கைத் தொட வேண்டுமென்றால் குண்டுக்குள் வழிகாட்டும் மின்னணுச் சுற்றும் இருக்க வேண்டும். அதுவும் இந்த உதையைத் தாங்கியாக வேண்டும்.

தூண்டல் எண்: தண்டவாளங்களின் வடிவமும் இடைவெளியும் தீர்மானிப்பது இது. ஒரு மீட்டருக்கு ஒரு மைக்ரோ ஹென்றியில் சுமார் பாதி. வடிவமைப்பாளர் எவ்வளவு முயன்றாலும் இதைப் பெரிதாக உயர்த்த முடியாது. ஆகவே விசையைக் கூட்ட ஒரே வழி அடுத்த சொல்தான்.

மின்னோட்டத்தின் இருபடி: உரையின் நடுப்பகுதி இதுவே. தூண்டல் எண் அவ்வளவு சிறியதாக இருப்பதால், மேற்சொன்ன விசைக்கு 35 லட்சம் ஆம்பியர் வேண்டும். இருபடி என்பதால் மின்னோட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இதைப் படித்துத்தான் கடற்படைகள் மயங்கின. ஆனால் இந்த இருபடி குண்டுக்கு மட்டும் உரியதன்று. எதிரெதிர்த் திசையில் மின்சாரம் பாயும் தண்டவாளங்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையும் அதே இருபடிதான். குழாயை அது ஒவ்வொரு முறையும் பிளக்கப் பார்க்கிறது. உலோகத்தில் பிறக்கும் வெப்பமும் அதே இருபடிதான். வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் உரசிச் செல்லும் தொடுபரப்பில் உலோகம் உருகுகிறது, தண்டவாளத்தில் பள்ளம் விழுகிறது. சோதனைப் படங்களில் குழாயின் வாயிலிருந்து பாயும் தீயைப் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்தே இல்லாத பீரங்கியில் தீ எங்கிருந்து வந்தது? உருகி ஆவியான உலோகமும் மின்பொறியும் சேர்ந்ததே அது. குண்டைச் செலுத்தும் மின்னோட்டமே குழாயைத் தின்னவும் செய்கிறது. தேய்மானத்துக்குச் சூத்திரத்தில் ஓர் இடமில்லை. ஆனால் இந்த ஆயுதத்தின் வரலாறு முழுவதையும் அதுதான் எழுதியிருக்கிறது.

அரை: பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் சொல். மின்னோட்டம் மாறாமல் பாய்ந்தால், மூலம் தரும் ஆற்றலில் பாதி குண்டுக்கு, மறுபாதி தண்டவாளங்களுக்கிடையே காந்தப்புலமாகத் தங்கிவிடும். குறைபாடே இல்லாத கருவியிலும் கணக்கு இதுதான். வெப்ப இழப்பையும் கழித்தால், மூன்றில் ஒரு பங்கு குண்டுக்குச் சேர்ந்தாலே நல்லது. அப்படியானால் 32 மெகாஜூல் குண்டு ஒன்றுக்குச் சுமார் 100 மெகாஜூல் செலவு. நிமிடத்துக்குப் பத்து குண்டு என்றால் இடைவிடாமல் 16 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும். அந்த ஆற்றலைச் சேர்த்துவைத்து ஒரு நொடியின் சிறு பகுதியில் கொட்ட, மின்தேக்கிகள் பல அறைகளை நிரப்பும்.

இங்கேதான் சூத்திரம் கப்பலின் உடலுக்குள் நுழைகிறது. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல்களின் தொடக்க வடிவங்களில் மூன்று ஜெனரேட்டர்களும் சேர்ந்து தருவது சுமார் 7.5 மெகாவாட். அவற்றின் பெரிய டர்பைன்கள் பற்சக்கரங்கள் வழியே உந்துசுழலியோடு இணைந்தவை. அந்தத் திறனை மின்சாரமாகத் திருப்ப வழியில்லை. அதே கடற்படையின் ஸம்வால்ட் வகை நாசகாரியில் முழுத் திறனும் மின்சாரம்: 78 மெகாவாட். ரெயில்கன்னுக்கு ஏற்ற கப்பல் அதுதான். ஆனால் 32 கப்பல்கள் என்று தொடங்கிய திட்டம் மூன்றோடு நின்றது. 2021இல் அமெரிக்கா ரெயில்கன்னையும் நிறுத்தியது. அதற்கென வடிவமைத்த குண்டைச் சாதாரண 5 அங்குலப் பீரங்கியிலும் சுட முடிந்தது. ஸம்வால்ட்டின் முன்தளத்துக்கு ஹைப்பர்சானிக் ஏவுகணைகளுக்கான ஏவுகுழாய்கள் வந்தன.

ஜப்பான் இதே வரியை வேறு விதமாகப் படித்தது. குழாயின் விட்டம் 40 மில்லிமீட்டர், குண்டு 320 கிராம், வேகம் வினாடிக்கு 2,000 மீட்டருக்கு மேல். ஆற்றல் ஒரு மெகாஜூலுக்கும் குறைவு. தூரத்தைக் கேட்காமல் குழாயின் ஆயுளைக் கேட்டார்கள். 120 முறை சுட்ட பின்னும் வேகம் வினாடிக்கு 2,000 மீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. 2023இல் கடலில் சுட்டார்கள். 2025இல் அசுகா என்ற சோதனைக் கப்பலில் ஏற்றி, மிதக்கும் இலக்கை நோக்கிச் சுட்டார்கள்.

எனக்கு ஜப்பானின் வாசிப்பே சரியாகப் படுகிறது. இன்றைய போர்க்கப்பலின் பெரிய பலவீனம் தூரம் அல்ல, கையிருப்பு. ஒரு பர்க் கப்பலில் இருப்பவை 90 முதல் 96 ஏவுகுழிகள். தீர்ந்தால் துறைமுகம் திரும்ப வேண்டும். செங்கடலில் போர்க்கப்பல்கள் மலிவான ட்ரோன்களை வீழ்த்தப் பல லட்சம் டாலர் விலையுள்ள ஏவுகணைகளைச் செலவிட்டதை உலகம் பார்த்தது. பாய்ந்து வரும் ஏவுகணையைக் கிட்டத்தில் வீழ்த்த எடை அதிகம் வேண்டாம், வேகம் போதும். குண்டு சிறியதானால் வேண்டிய மின்னோட்டமும் குறையும்; அப்போது வேகத்தை இந்தச் சூத்திரம் தேய்மானம் மிகாமல் தர வல்லது.

2025 டிசம்பரில் அமெரிக்கா அறிவித்த புதிய பெரும் போர்க்கப்பலின் ஆயுதப் பட்டியலில் ரெயில்கன் மீண்டும் இடம்பெற்றிருக்கிறது. இத்தகைய அறிவிப்பை இனிப் படிக்கும்போது எத்தனை மெகாஜூல் என்பதை விடுங்கள். கப்பலின் ஜெனரேட்டர் எத்தனை மெகாவாட், குழாய் எத்தனை குண்டுக்குத் தாங்கும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.